பழைய மடிக்கணினிக்குக் கலப்பு வன்தட்டு பொருத்தலாமா?

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். எனது மடிக்கணினி, காலையில் ஆளியை அழுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்த பின்னரே முகப்புத் திரையைக் காட்டுகிறது. சில நாள்களாக வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசையும் கேட்கிறது. 1 டெராபைட் கலப்பு வன்தட்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மறுமொழி (வவுனியா):
தம்பி, அந்த ஓசை நல்லதல்ல. முதலில் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துவிடுங்கள். கலப்பு வன்தட்டில் சுழலும் தட்டோடு பெரும்பாலும் 8 ஜிபி பிளாஷ் நினைவகமே (சுழலாத, விரைவான நினைவகச் சில்லு) இருக்கும். அடிக்கடி வாசிக்கப்படும் தரவுகளை அது அங்கே சேமித்து வைப்பதால், சில தடவைகள் இயக்கிய பின்னர் விண்டோஸ் விரைவாகத் தொடங்கும். பெரிய காணொளியை நகலெடுக்கும்போதோ அது வெறும் வன்தட்டுத்தான்.

மறுமொழி (புதுக்குடியிருப்பு):
தடிப்பையும் அளந்து பாருங்கள்: 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. வட்டு நுழையாது. கிரவல் பாதையில் மோட்டார் சைக்கிளில் கணினியைக் கொண்டு திரிபவருக்கு, சுழலும் பாகமே இல்லாமல் முழுக்கப் பிளாஷ் நினைவகத்தாலான எஸ்எஸ்டி வட்டுத்தான் ஏற்றது என்பேன். வட்டைக் கணினியோடு இணைக்கும் பழைய, வேகம் குறைந்த சாட்டா 2 இணைப்பிலும் வேக வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. படியெடுக்கத் தொடங்கிவிட்டேன், 256 ஜிபி எஸ்எஸ்டியே வாங்குகிறேன்.