சிக்னலில் கை நீள்கிறதே, காரணம் வெயிலா, வளர்ப்பா, திமிரா?

பெருங்குடிவாசி:
நேற்று மதியம் சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் கண்ணெதிரே நடந்தது. நின்றிருந்த ஆட்டோவைப் பின்னால் வந்த பைக் லேசாக உரசியது. கீறல்கூட விழவில்லை. ஆட்டோக்காரர் இறங்கி வந்து பைக்கின் கண்ணாடியைத் திருகி உடைத்தார். பைக்கில் இருந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அவர் தோளில் ஓங்கி அடித்தான். எல்லாம் பச்சை விழுவதற்குள்.

என் கணக்கில் பாதிக் காரணம் கத்திரி வெயில். 1986இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கென்ரிக், மெக்ஃபார்லேன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பச்சை விழுந்த பிறகும் ஒரு காரை நகராமல் நிறுத்திவைத்து, பின்னால் இருப்பவர்கள் எவ்வளவு ஹாரன் அடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சூடு ஏற ஏற ஹாரனும் ஏறியது. ஜன்னலை இறக்கிவிட்டு வெந்துகொண்டிருந்தவர்களிடம் இது இன்னும் அதிகம். ஆட்டோவுக்கு ஏது ஏசி?

தேநீர் நேரம்:
வெயில் மேல் பழி போடாதீர்கள் சார். உரசியது போலீஸ் ஜீப்பாக இருந்தால் அந்த ஆட்டோக்காரர் இறங்கியிருப்பாரா? அப்போதும் அதே வெயில்தான். கண்மண் தெரியாத கோபம் என்கிறோம். அதற்குக் கண்ணும் தெரியும், எதிரில் நிற்பவனின் காக்கிச் சட்டையும் தெரியும்.

பெருங்குடிவாசி:
ஜீப் உதாரணம் என் கட்சியை உடைக்காது. 1939இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொலார்டும் கூட இருந்தவர்களும் சொன்னது இதுதான்: ஆசைப்பட்டதை அடையவிடாமல் தடுத்தால் ஆத்திரம் பிறக்கும், தண்டனைக்குப் பயந்தால் அது வேறு ஆள் மேல் திரும்பும். பிறகு பெர்கோவிட்ஸ் இதை விரித்தார். தடை மட்டுமில்லை, வலி, சூடு என்று உடம்புக்கு ஒவ்வாத எதுவும் ஆத்திரத்தைக் கிளறும் என்றார்.

2019இல் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த நாட்களை மறக்க முடியாது. வரிசையின் கடைசியில் யாராவது குடத்தை நுழைத்தால் முணுமுணுப்போடு போகும். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் நுழைத்தால் குடுமிப்பிடி. எங்கள் மாடிவீட்டு அம்மா, அதிர்ந்து பேசாதவர், பக்கத்து வீட்டுக்காரியின் பச்சைக் குடத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். 1974இல் மேரி ஹாரிஸ் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டாவது ஆளைவிட, இரண்டாவதாக நிற்பவருக்கு முன் புகுந்தால்தான் கோபம் அதிகம். அந்த அம்மாவைத் திமிர் பிடித்தவர் என்று என்னால் சொல்ல முடியாது.

திருவொற்றியூர் டீச்சர்:
இருவருமே வளர்ப்பை விட்டுவிட்டீர்கள். 1961இல் ஸ்டான்ஃபோர்டில் பண்டூரா சின்னக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார். ஊதிய பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே போல அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே சொல்லி.

என் நாலாம் வகுப்பில் ஒரு பையன். அடிப்பதற்கு முன் ஸ்கேலை இரண்டு தடவை உள்ளங்கையில் தட்டிக்கொள்வான், "சொன்னா காதுல ஏறாதா?" என்பான். அப்புறம் பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அப்பா வந்தார். மதிப்பெண் அட்டையை நீட்டினேன். சுருட்டி உள்ளங்கையில் இரண்டு தடவை தட்டினார். "சொன்னா காதுல ஏறாதா?" பையன் அதற்குள் என் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டான்.

கடலோரம்:
மூர்க்கம் மனிதனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரன்ஸ் 1963லேயே எழுதிவிட்டார். உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது வெளியே விட வேண்டும். நான் தினமும் ஜிம்மில் மூட்டையைக் குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

திருவொற்றியூர் டீச்சர்:
தம்பி, உடற்பயிற்சிக்காகக் குத்துங்கள், கோபம் தீரும் என்று குத்தாதீர்கள். 2002இல் புஷ்மன் இதைச் சோதித்தார். தன்னைச் சீண்டியவரை நினைத்து மூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். வன்முறை மனிதனின் இயல்பிலேயே எழுதப்பட்டது என்பதையும் 1986இல் பல நாட்டு விஞ்ஞானிகள் செவில் நகரில் கூடி மறுத்தார்கள்.

தேநீர் நேரம்:
பெருங்குடி சார், நான் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா அம்மாவை அடிப்பார். மறுநாள் அம்மா எங்களிடம், "அவருக்கு ஆபீஸ்ல டென்ஷன்டா, என்ன செய்வாரு" என்பாள். நீங்கள் சொல்லும் காரணம்தான், யேல் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆனால் கை ஓங்கியிருக்கும்போது வாசலில் பாட்டியின் செருப்புச் சத்தம் கேட்டால், கை அப்படியே இறங்கும். "வாம்மா, பஸ் கிடைச்சுதா?" என்று சாதாரணமாகக் கேட்பார். கட்டுப்படுத்த முடியாதவருக்கு அது எப்படி முடிந்தது?

பெருங்குடிவாசி:
அந்தச் செருப்புச் சத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கோபம் ஏன் வருகிறது என்பதற்குத்தான் நான் காரணம் தேடினேன், கை எங்கே நிற்கிறது என்பதற்கு இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஆபீஸில் அந்த அவமானமே இல்லாமல் இருந்திருந்தால் கை ஓங்கியிருப்பாரா?

தேநீர் நேரம்:
ஞாயிற்றுக்கிழமையும் ஓங்கினார் சார்.