பின் டிஸ்க் போட்டபின் பிரேக் அழுத்தம் சரியில்லை

கேள்வி: ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே. பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட்டாச்சு, பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு (ப்ரொபோர்ஷனிங் வால்வு) பழையதுதான். பெடல் ஆழமாகப் போகிறது, பின்சக்கரம் பிடிக்கவே இல்லை. எங்கே பார்க்கணும்?

பதில்: முதலில் காலிப்பர், அதாவது டிஸ்கைப் பிடிக்கும் பாகம். காற்றை வெளியேற்றும் ப்ளீடர் திருகு மேல்பக்கம் இருக்கணும். இடது வலது மாறியிருந்தால் எவ்வளவு ப்ளீட் செய்தாலும் காற்று போகாது.

பதில்: அது பெடல் ஆழமாகப் போவதற்கு. பிடிக்காததற்குக் காரணம் வால்வு. டிரம் ஷூ சுழற்சியிலேயே தானாக இறுகும். டிஸ்குக்கு அந்த உதவி கிடையாது, அதிக அழுத்தம் வேண்டும். பின் டிஸ்க் வந்த கிராண்ட் செரோக்கி இசட்ஜே வால்வின் உட்பாகங்களை மாற்றிப் போடலாம். கையால் அழுத்தத்தை மாற்றும் அட்ஜஸ்டபிள் வால்வு தனியாகப் போடுவதென்றால் பழையதன் ஸ்பிரிங், பிளஞ்சரை எடுத்துவிடுங்கள். இரண்டு வால்வும் சேர்ந்தால் அழுத்தம் இருமுறை குறையும்.

பதில்: அட்ஜஸ்டபிள் வால்வு என்றால், பின்பக்கம் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, ஆளில்லாத சரளைப் பாதையில் 40 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆகணும். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடும், தயவுசெய்து வால்வை அந்த அளவிலேயே விட்டுவிடாதீர்கள்.