கலெக்டர் ஆபீஸ் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் இன்டர்ன்ஷிப் போகலாமா?

கெடிலக்கரை:

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஊர் பண்ருட்டி பக்கம். கல்லூரியில் பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு (தொடர்ச்சியாக வெளியே போய்ச் செய்யும் களப்பயிற்சி) இடம் நாமே தேடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் மருத்துவமனை, மீதிப் பேர் கம்பெனி எச்.ஆர். எனக்குக் கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் சேர ஆசை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்தது, 2015 வெள்ளம், 2024-இல் பெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டுத் தென்பெண்ணைக் கரையெல்லாம் முங்கியது. இவ்வளவும் பட்ட மாவட்டத்தில் ஓர் எச்சரிக்கை எங்கே கிளம்பி யார் யார் கை மாறி வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதை உள்ளே இருந்து பார்க்க வேண்டும்.

அப்பா, "அங்க போனா ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுவாங்க" என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: நிஜமாகவே வேலை தருவார்களா? மே மாதம் போவதா, மழைக்காலத்தில் போவதா? உதவித்தொகை உண்டா?

மழைமானி:

நான் வேறொரு கடலோர மாவட்டத்தில் இதே பிரிவில் இருந்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், போங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம், செப்டம்பரிலேயே ஆய்வுக் கூட்டம், ஒத்திகை, பட்டியல் திருத்தம் என்று ஆரம்பித்துவிடும். அப்போது உள்ளே நுழைந்தால் அக்டோபர், நவம்பரில் கண்ட்ரோல் ரூமில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்று புரியும். நேராக மழையில் போய் நின்றால் உங்களுக்குச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

வேலை எப்படி இருக்கும் என்றால், காலை 8.30 மணி மழையளவு. 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்தில்தான் முடியும், ஒவ்வொரு மழைமானி நிலையத்திலிருந்தும் மில்லிமீட்டரில் எண் வரும், அதைத் தொகுத்து மேலே அனுப்ப வேண்டும். முதலில் எனக்கும் வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. மேட்டில் எந்த ஊரில் எவ்வளவு பெய்தால் எத்தனை மணி நேரத்தில் கீழே எந்த ஓடை நிரம்பும் என்று அங்கே இருந்த கிளார்க் ஒருவர் வாயாலேயே சொல்வார், அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் 1077. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், மாநிலத்துக்கு 1070. போன் எடுத்தவுடன் எதிரில் இருப்பவர், "சார் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்பார், எந்த ஊர் என்று சொல்லமாட்டார். ஊர் பேரைச் சொன்னாலும் அதே பேரில் இன்னொரு தாலுகாவில் இன்னொரு ஊர் இருக்கும். ஊராட்சி எது, பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா, வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறாரா, கர்ப்பிணி இருக்கிறாரா, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பதறாமல் வரிசையாகக் கேட்க வேண்டும். கேட்டதை ரிஜிஸ்டரில் நேரத்தோடு எழுதி, தாசில்தார் அலுவலகத்துக்குச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டுக்கே திரும்பக் கூப்பிட்டு ஆள் வந்தார்களா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். நீங்கள் அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள், சமூகப்பணி படித்தவர்களுக்கே உரிய வேலை அது.

உதவித்தொகை எனக்குத் தரவில்லை. பஸ் செலவு கைக்காசுதான்.

பழைய தாலுகா:

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் அம்மா. உன் அப்பா சொல்வதில் பாதி உண்மை, ஜெராக்ஸும் எடுக்க வேண்டியிருக்கும், எல்லோரும்தான் எடுக்கிறோம்.

கல்லூரிக் கடிதத்தில் "பயிற்சி பெற அனுமதி வேண்டுகிறோம்" என்று பொதுவாக எழுதாதே. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைச் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பில் இன்னின்ன தாலுகாவுக்கு உதவுகிறேன் என்று எழுது. கடிதத்தை ஆட்சியர் பெயருக்கு எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடு. பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தாசில்தாரையும் ஒரு முறை பார்த்துவிடு. ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, உருப்படியாக ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பாதிப்பு வரக்கூடிய இடங்களை மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்று பிரித்துப் பட்டியல் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஊருக்கும் முதல்நிலைப் பொறுப்பாளர்கள், அதாவது ஆபத்து என்றால் முதலில் உதவிக்கு வரும் உள்ளூர் ஆட்கள் பெயர், போன் நம்பர். பாம்பு பிடிப்பவர், மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர், படகுக்காரர், ஜேசிபிக்காரர் என்று அதிலேயே வரும். அந்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார். சிலது உபயோகத்தில் இருக்காது, சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள், ஒருவர் இறந்தே போயிருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு வி.ஏ.ஓ. அந்தத் தாளை நம்பித்தான் கூப்பிடுவார். அதைச் சரிசெய்து கொடுத்தால் அந்த மாவட்டத்துக்கே நல்லது செய்தவள் நீ.

புயல் பாதுகாப்பு மையங்களுக்கு ஆய்வுக்குப் போகும்போது கூடவே போ. சாவி யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டர் ஓடுகிறதா, பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, சக்கர நாற்காலி உள்ளே ஏறுமா. ஆண்கள் மட்டும் போய்ப் பார்த்தால் தாழ்ப்பாள் கண்ணில் படாது, எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். ராத்திரி தங்க இடமில்லை என்று பெண்கள் வர மறுப்பதற்கு இதெல்லாம்தான் காரணம்.

நாற்காலி எண் 4:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், மன்னிக்கவும். நான் போன மாவட்டத்தில் (பெயர் வேண்டாம்) முழுக்க முழுக்க டேட்டா என்ட்ரிதான். களத்துக்குப் போகிற ஜீப்பில் இடமில்லை என்று ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதிகாரி மாறினால் எல்லாம் மாறிவிடும், அதுதான் இதில் பெரிய சிக்கல். அதனால் ஒரே இடத்தை நம்பாமல், பாதி நாள் தீயணைப்பு நிலையத்திலோ நகராட்சியிலோ இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கயிறு, லைஃப் ஜாக்கெட், ரப்பர் படகு இதெல்லாம் தீயணைப்புத் துறையில்தான் கண்ணால் பார்க்க முடியும். ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சி உங்கள் மாவட்டத்தில் நடந்தால் அதிலும் பெயர் கொடுங்கள், முதலுதவியும் மீட்பும் கையால் செய்து பழகலாம். டெல்லியில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் இன்டர்ன்களை எடுக்கிறது, கொள்கை வகுக்கும் பக்கம் ஆர்வம் இருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் உங்களுக்குக் கடலூர்தான் பொருந்தும் என்று எனக்கே தோன்றுகிறது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி கடிதத்தைப் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி தாலுகா பெயர் போட்டே எழுதப்போகிறேன். மழைமானி, ராத்திரி ஷிப்ட் போட விடுவார்களா? வீட்டில் அதற்குத்தான் தயங்குகிறார்கள்.

மழைமானி:

கேட்டால் விடுவார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ரெட் அலர்ட் அன்று பிரிவில் இருக்கும் பெண் ஊழியர்களும் ராத்திரி இருப்பார்கள், அவர்களோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள், வீட்டில் அவர்களில் ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். பஸ் நின்றுவிடும், அதனால் திரும்பிப் போகாமல் விடியும் வரை அங்கேயே இருப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, 1077-க்குக் கூப்பிட்டவர்களின் பெயர், நம்பர், வீட்டு விவரம் எதையும் உங்கள் கல்லூரி ரிப்போர்ட்டில் போடாதீர்கள். ரிஜிஸ்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் கூடாது. ரிப்போர்ட்டுக்கு எந்தத் தாலுகா, என்ன மாதிரி உதவி கேட்டார்கள், பதில் போக எவ்வளவு நேரம் ஆனது என்பது போதும், அதையும் தாசில்தாரிடம் காட்டிவிட்டுச் சமர்ப்பியுங்கள்.