மறு: தையலில் ‘ஈஸ்’ என்பதற்கு ஒரு சொல்லா, நான்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆடையின் அளவு உடம்பின் அளவைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதைத்தான் தையலில் ‘ஈஸ்’ (ease) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். தளர்வு, நெகிழ்வு, இடைவெளி, விடுவு, கூட்டளவு என்று நல்ல சொற்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் முடிவுக்கு வர முடியவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தேடுவதுதான் இதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் தைப்பவர்கள் ‘ஈஸ்’ என்ற ஒரே சொல்லை நான்கு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஊசி பிடிப்பவருக்கு அந்த நான்கும் தனித்தனி முடிவுகள். தமிழில் இப்போதுதான் பெயர் வைக்கிறோம், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தச் சொல் யாருக்குத் தேவை என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆயத்த ஆடை ஒன்று தோளில் சரியாக உட்கார்ந்திருக்கும், மார்பிலும் இடுப்பிலும் தொளதொளவென்று இருக்கும். பக்கத் தையலைக் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிடலாம் என்று வீட்டில் மெஷின் முன் உட்காருகிறவருக்கு வரும் முதல் கேள்வி, எவ்வளவு பிடிக்கலாம் என்பதுதான். அவருடைய மார்புச் சுற்றளவு 92 செ.மீ., சட்டையின் சுற்றளவு அதே இடத்தில் 108 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 16 செ.மீ. இருக்கிறது. தையல் கோட்டை இரண்டு பக்கமும் 1 செ.மீ. உள்ளே தள்ளினால், ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணியில் 1, பின்துணியில் 1 என்று மொத்தம் 4 செ.மீ. குறையும். பலர் இந்த நான்கு மடங்குக் கணக்கை மறந்து, 4 செ.மீ. குறைக்க நினைத்து இரண்டு பக்கமும் 4 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்துவிடுகிறார்கள். சட்டையில் 16 செ.மீ. போய்விடும், அப்புறம் போட முடியாது. அந்த 16 செ.மீ.க்கு ஒரு பெயர் இருந்தால்தான், ‘அதில் இவ்வளவு கட்டாயம் இருக்க வேண்டும், மீதியை எடுக்கலாம்’ என்று அவருக்குச் சொல்ல முடியும்.

> ‘தளர்வு’ என்றே வைத்துவிடலாமே? ‘கொஞ்சம் லூசாகத் தைத்துக் கொடுங்கள்’ என்றுதானே எல்லாரும் கேட்கிறோம்?

கேட்கிறோம், உண்மைதான். ஆனால் தளர்வு என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது. நாம் பெயர் வைப்பது டேப்பில் அளக்கும் ஒன்றுக்கு. உடம்போடு ஒட்டி நிற்கும் மேல்சட்டையிலும் நெசவுத்துணி என்றால் மார்பில் 5 முதல் 8 செ.மீ. வரை கூடுதலாக இருக்கும். யாரும் அதைத் தளர்வான சட்டை என்று சொல்ல மாட்டார்கள். அந்த 5 செ.மீ. இல்லாவிட்டால் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் துணி வாய் பிளந்து நிற்கும்.

தளர்வு என்ற சொல்லை நான் எதிர்ப்பதற்கு முக்கியமான காரணம் கைக்குழி, அதாவது சட்டையின் உடல்பகுதியில் கையைப் பொருத்தும் வளைவு. கையைத் தூக்க முடியவில்லை என்றால், கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டி ‘தளர்த்தி’விடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். செய்து பார்த்தால் எதிர்மாறாக நடக்கும். கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது சட்டையின் உடல்பகுதி முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டிய கைக்குழியில்தான் கை தனியாக அசையும், சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அங்கே கைக்குழியின் சுற்றளவு குறைந்திருக்கிறது, ஆனால் அசைய இடம் கூடியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே தளர்வும் ‘ஈஸ்’சும் ஒன்றில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

‘நெகிழ்வு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னல்துணி இழுபடும் தன்மையைச் சொல்ல அந்தச் சொல் நமக்கு வேண்டும். இதற்கும் அதையே வைத்தால் ‘நெகிழ்வுத் துணிக்கு நெகிழ்வு தேவையில்லை’ என்று எழுத வேண்டி வரும்.

> தையல்காரர் பேச்சிலிருந்தே ‘விடுவு’ என்று எடுக்கலாம். ‘ரெண்டு இஞ்ச் விட்டுத் தை’ என்பது வழக்கில் இருக்கிறது.

ஐயா, பேச்சு வழக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ‘விடுதல்’ ஏற்கெனவே இன்னொரு வேலையில் இருக்கிறது. ‘உள்ளே துணி விட்டிருக்கிறதா?’ என்று கேட்டால், தையலுக்கு அந்தப் பக்கம் மடிந்து கிடக்கும் துணியைத்தான் கேட்கிறோம். இறுக்கமான ஆடையைப் பிரித்துப் பெரிதாக்க முடியுமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வீட்டில் தைப்பவர்களுக்கென்று வரும் பேட்டர்ன்களில் (வெட்டு வரைபடங்களில்) அது பெரும்பாலும் 1.5 செ.மீ. இருக்கும். ஆயத்த ஆடையில் 1 செ.மீ. அல்லது அதற்கும் கீழே, அதுவும் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து. அதனால்தான் ஆயத்த ஆடையைப் பிடிப்பது எளிது, பிரித்து விடுவது கடினம்.

இந்த இரண்டையும் கலந்தால் பெரிய சிக்கல். ‘மார்பளவில் நாலில் ஒரு பங்கு, கூட ஒன்றரை அங்குலம்’ என்பது போன்ற வாய்ப்பாடுகளை நினைத்துப் பாருங்கள். அந்த ஒன்றரை அங்குலத்தில் உடம்பைச் சுற்றி நிற்கப்போவது எவ்வளவு, தையலுக்குள் மறையப்போவது எவ்வளவு? வாய்ப்பாடு சொல்வதில்லை. அப்படியே பின்பற்றித் தைத்துவிடலாம், ஆனால் சரியாக வரவில்லை என்றால் எதை மாற்றுவது என்று தெரியாது. ஆகவே ‘விடுவு’ என்பதைச் சீம் அலவன்ஸுக்கே வைத்துக்கொள்வோம்: தையல்விடுவு. தையல் கோட்டுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவில் இருப்பது அது. நாம் தேடுவது அதே கோட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பது.

அதற்கு நான் முன்வைக்கும் சொல் அசைவிடம்.

‘கையைத் தூக்க இடமில்லை’, ‘உட்கார்ந்தால் இடுப்பில் இடம் போதவில்லை’, ‘மூச்சு விட இடம் வேண்டாமா’ என்றெல்லாம் சொல்கிறோம். ஆடை சரியில்லாதபோது தமிழ் பேசுகிறவர் வாயில் ‘இடம்’ என்ற சொல் தானாக வருகிறது. அதோடு எதற்கான இடம் என்பதையும் சேர்த்துவிட்டால் கலைச்சொல் ஆகிவிடுகிறது. உடம்பு ஓரிடத்தில் நின்று டேப்புக்குக் காட்டும் அளவில் நாள் முழுவதும் இருப்பதில்லை. ஆழ்ந்து மூச்சை இழுத்தால் நலமான பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவு ஏறத்தாழ 3 முதல் 5 செ.மீ. வரை கூடுகிறது. உட்கார்ந்தால் இருக்கைச் சுற்றளவு, அதாவது பிட்டத்தைச் சுற்றிய அளவு, விரிகிறது. இரண்டு கைகளையும் முன்னே நீட்டினால் முதுகின் குறுக்களவு நீள்கிறது, ஆனால் முன்பக்கம் குறைகிறது. இதனால்தான் அசைவிடத்தைச் சுற்றளவில் ஒரே சீராகப் பரப்பினால் போதாது. முதுகுக்குக் கொஞ்சம் அதிகம் ஒதுக்க வேண்டும். அளவெடுக்கும்போது ஒரு தடவை உட்காரவைத்தும் அளந்துகொள்வது இதற்காகத்தான்.

எவ்வளவு அசைவிடம் என்பதற்குப் பொதுவான எண்கள் உண்டு. நெசவுத்துணியில் பொருத்தமான தைப்புக்கு மார்பில் மேலே சொன்ன 5 முதல் 8 செ.மீ., இடுப்பில் சுமார் 2.5 செ.மீ., இருக்கையில் 4 முதல் 5 செ.மீ. இவற்றைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதைவிட நம்பகமான வழி அலமாரியிலேயே இருக்கிறது. நீங்கள் அடிக்கடி விரும்பிப் போடும் ஓர் ஆடையைப் பட்டன் போட்டு, சுருக்கமில்லாமல் தரையில் பரப்புங்கள். அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரட்டியுங்கள். அதிலிருந்து உங்கள் உடலளவைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குப் பிடித்த அளவு. எந்த அட்டவணையும் இதை உங்களுக்குச் சொல்லாது. ஒரே உடலளவுள்ள இருவரில் ஒருவருக்கு இறுக்கம் பிடிக்கும், இன்னொருவருக்கு மூச்சு முட்டும். ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வகைத் துணியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

சரி, அப்படியானால் 16 செ.மீ. முழுவதும் அசைவிடம்தானா? இல்லை, இங்கேதான் இரண்டாவது சொல் தேவைப்படுகிறது. அசைவதற்கு 6 செ.மீ. போதும் என்றால் மீதி 10 செ.மீ. வடிவமைத்தவர் விரும்பிச் சேர்த்தது. குடை விரித்தது போன்ற பாவாடை, பை போலத் தொங்கும் மேலங்கி எல்லாம் இந்த அளவால் வருபவை. இதைத் தோற்றவிரிவு என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். மாற்றித் தைப்பவருக்கு இந்தப் பிரிவு மிகவும் உதவும். தோற்றவிரிவில் கை வைத்தால் ஆடையின் பாணி மாறும், அவ்வளவுதான். அசைவிடத்தில் கை வைத்தால் ஆடை பயனற்றுப் போகும். எடுக்கும்போது முதலில் தோற்றவிரிவிலிருந்து எடு, அசைவிடத்தைத் தொடாதே என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுக்கலாம்.

> எதிர்மறை ‘ஈஸ்’சை என்ன செய்வது? ‘எதிர் அசைவிடம்’ என்றால் அசையவே முடியாது என்று பொருள் வருகிறதே.

சரியான கேள்வி. நீச்சல் உடை, காலுறை, உடம்போடு ஒட்டும் பின்னல்துணி மேல்சட்டை எல்லாம் உடம்பைவிடச் சிறிதாகவே வெட்டப்படுகின்றன. உடலளவு 90 செ.மீ. என்றால் ஆடை 82 செ.மீ. இருக்கலாம். அது 90 செ.மீ. ஆக விரிய ஏறத்தாழ 10 விழுக்காடு இழுபட வேண்டும். துணி அதைவிடத் தாராளமாக இழுபட்டு, பழைய அளவுக்குத் திரும்பவும் வேண்டும். இங்கே அசைவுக்கு இடம் கொடுப்பது துணியின் இழுப்புதான், அளவு இல்லை. ஆகவே இதை அசைவிடத்தின் எதிர்மறையாகப் பார்க்காமல், இழுப்பை நம்பிக் குறைத்து வெட்டும் அளவு என்று பார்ப்போம்: இழுப்புக்குறைவு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் தெளிவாக இருக்கிறது.

நான்காவது வேலைக்கு நாம் சொல் உருவாக்கவே வேண்டியதில்லை. சட்டைக் கையைக் கைக்குழியில் பொருத்தும்போது, அந்தக் கையின் மேல்வளைவு கைக்குழியைவிடச் சில செ.மீ. நீளமாக இருக்கும். பொருத்தித் தைக்கும் கைகளில் இது பெரும்பாலும் 2 முதல் 4 செ.மீ. வரை வரும். தோளின் உருண்டைக்கு அந்தத் துணி தேவை. அதை மடிப்போ சுருக்கமோ கண்ணுக்குத் தெரியாமல் சின்ன வளைவுக்குள் தைக்க வேண்டும். தையல் கோட்டை ஒட்டி நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெதுவாக இழுத்து, ஆவி இஸ்திரி கொடுத்துத் துணியைச் சமன் செய்வார்கள். இதையும் ஆங்கிலத்தில் ‘ஈஸ்’ செய்வது என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் இது ‘அடக்கித் தைத்தல்’. கூடுதல் துணியை அடக்குகிறோம். என்ன நடக்கிறது என்பதை அந்த வினையே காட்டிவிடுகிறது. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது இதுதான். பிடித்தல், பிரித்தல், அடக்குதல், ஓரம் அடித்தல் என்று துணி மேல் கை செய்யும் வேலைகளுக்குத் தமிழில் வினைகள் ஏராளம். பெயர்ச்சொற்களில்தான் நமக்குப் பற்றாக்குறை.

இனி ‘கூட்டளவு’. இதைப் பரிந்துரைத்தவர், அட்டவணையில் ஒரு தலைப்பு வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை ஏற்கிறேன். உடலளவு, கூட்டளவு, ஆடையளவு என்று மூன்று நெடுவரிசை போட்டால் கணக்கு யாருக்கும் விளங்கும். பின்னல்துணிக்கு அதே நெடுவரிசையில் கழித்தல் குறி போட்டுக்கொள்ளலாம். உடலளவையும் ஆடையளவையும் இப்படித் தனித்தனியாக எழுதிப் பழகுவது முக்கியம். ஆடை அளவுக் குறியீட்டுக்கான ஐஎஸ்ஓ 8559 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, அதன் முதல் பகுதியில் உடலளவுகளைத்தான் வரையறுக்கிறது. ஆடையில் எவ்வளவு கூட்டுவது என்பது தயாரிப்பவர் விருப்பம். ஒரே எண் போட்ட இரண்டு ஆடைகள் உடம்பில் வேறு வேறாக உட்காருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

“பட்டன் வரிசைக்குக் குறுக்கே கிடைமட்டமாக இழுவைக் கோடுகள் தெரிந்தால் மார்பில் அசைவிடம் போதவில்லை. பக்கத் தையலைப் பிரித்து, தையல்விடுவு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். முதுகில் செங்குத்தாகத் துணி மடிந்து தொங்கினால் அகலம் அதிகம். தோற்றவிரிவு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்குள் மட்டும் பிடித்துத் தையுங்கள். பிடிப்பதற்கு முன் ஓட்டுத் தையல் போட்டு, அணிந்து, உட்கார்ந்து, கையை நீட்டிப் பாருங்கள்.”

எனக்கு இது தடையில்லாமல் படிக்க வருகிறது. ‘டார்ட்’ பற்றிய கேள்வியைத் தனி இழையாக்கலாம். அது துணியைக் குவித்து வடிவம் கொடுப்பது, கூட்டளவோடு கலந்தால் இரண்டும் குழம்பும்.

இழுப்புக்குறைவுக்கு இன்னும் குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அசைவிடம், தையல்விடுவு இரண்டையும் இந்த வாரமே பட்டியலில் சேர்த்துவிடலாமா?

அன்புடன்.