‘அம்மா வந்தாள்’ எங்கள் வீட்டில் கிளப்பிவிட்டது

தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு வாசகர்:

ஒரு நாவலைப் படித்ததால் வீட்டில் பழைய கதை ஏதாவது கிளம்பியதா என்று கேட்டிருந்தீர்கள். கிளம்பியது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. 1966-இல் வந்த நாவல். நான் படித்தது ரொம்பப் பிந்தி, தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்து.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். காவிரிக்கரைப் பாடசாலையில் வேதம் படித்து முடித்த அப்பு சென்னைக்கு வீடு திரும்புகிறான். அங்கே சிவசு என்பவர் வந்து போகிறார். அம்மா அலங்காரத்தம்மாளுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பது புரிகிறது. தன்னை வேதம் படிக்க அனுப்பியதே அவள் தேடிக்கொண்ட பிராயச்சித்தம் என்பதும் புரிகிறது. பாடசாலையில் இந்து இருக்கிறாள், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள், அப்புவின் மேல் உயிரையே வைத்திருப்பவள்.

என்னைத் தூங்கவிடாதவர் அப்பா தண்டபாணிதான். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வீட்டில் வேளாவேளைக்கு இலை போடுகிறார்கள்.

புத்தகத்தை மேஜையில் போட்டிருந்தேன். அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் படித்து முடித்தாள். “இந்துவையாவது ஆத்துல வெச்சுண்டா. உங்க அத்தைய வெச்சுக்கலையே” என்றாள்.

எனக்குத் தெரிந்து அத்தை சின்ன வயதிலேயே விஷ ஜுரத்தில் செத்துப்போனவள். சாகவில்லையாம். இந்து மாதிரியே தாலியறுத்துத் திரும்பி வந்து, ஒருநாள் வீட்டை விட்டுப் போனவள். யாரோடு என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி வரை காசியில், அனுமான் கட்டத்துப் பக்கம் இருந்திருக்கிறாள். அப்பா மாதாமாதம் மணியார்டர் அனுப்பியிருக்கிறார். ஆபீஸ் டூர் என்று சொல்லிவிட்டு அவர் காசி விஸ்வநாத் எக்ஸ்பிரஸ் ஏறியது எல்லாம் அங்கே போகத்தான்.

“உனக்கு எப்போம்மா தெரியும்?”

“எப்போவா? அப்பாவுக்கு ஹிந்தி எழுத்து கோணல்டா. ஃபாரமே நான்தானே எழுதுவேன்.”

நாங்கள் அப்போது இருந்த சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் எவ்வளவு பெரிசு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் நாங்கள் பிள்ளைகள், பாட்டி, ஊரிலிருந்து வேலை தேடி வரும் யாராவது ஒருவர். யார் இருமினாலும் எல்லோருக்கும் கேட்கும். அதற்குள் இப்படி ஒன்றை எப்படி வைத்துக் காப்பாற்றினார்கள்? மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போது தபாலாபீஸிலேயே எழுதிக் கட்டிவிடுவார்களாம். பாட்டிக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது அப்பாவின் ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் பாட்டி, “நூல் புடவை ஒண்ணு கூட வாங்குடா, யாருக்காவது ஆகும்” என்பாள். அந்தப் புடவையை வீட்டில் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

கரோல் பாகிலிருந்து:

உங்கள் அப்பாவை ரொம்ப நல்லவராக்கிவிட்டீர்கள். பணம் அனுப்பினார், சரி. ஒரு நாளாவது கூட்டி வந்தாரா? நாவலிலும் அலங்காரத்தம்மாள் கடைசியில் காசிக்குத்தான் போகிறாள். நம் பெண்களுக்கு வேறு ஊருக்கு டிக்கெட்டே கிடையாதா?

எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை கூடி உரக்க வாசிப்போம். இந்து அப்புவிடம் மனசைத் திறக்கும் இடம் வந்ததும் ஒரு மாமி புடவையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சரி, இனி வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த மாதம் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வந்து நின்றார். “பாடசாலை நடத்தற பவானியம்மாள் இந்துவை வளர்த்தவள். அவளுக்கு முன்னாடியே தெரியாதுன்னு சொல்றேளா?” என்று சண்டை. அன்றைக்குக் காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

மயூர் விஹாரிலிருந்து:

அப்பாவுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள் உண்டு என்பது அவர் காரியத்தன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அக்கா இப்போது பொங்கலுக்கு வந்து போகிறார். சித்தப்பா மட்டும் வருவதில்லை, அக்கா ஊர் வீட்டில் பங்கு கேட்டுவிடுவாரோ என்று. அக்காவுக்கு இந்த நாவலைப் படிக்கக் கொடுத்தேன். அலங்காரம், இந்து, தண்டபாணி என்று நான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்புவுக்குத் தெரிஞ்சுபோச்சு. சரி, அவனுக்குக் கீழே இருக்கிற சின்னதுகளுக்கு யார் சொன்னாங்க?”