புது வேக்குவம் சிஸ்டம் 4 நிமிடத்தில் ட்ரிப் ஆகிறது, அவசரம்

பட்டறைவாசி:
பட்டறையில் புது வேக்குவம் (உறிஞ்சும்) சிஸ்டம் மாட்டியிருக்கிறோம், த்ரீ பேஸ். ஸ்விட்ச் போட்டால் நன்றாக ஓடுகிறது, 4 நிமிடம் ஆனதும் ஓவர்லோட் ரிலே (ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) ட்ரிப். ரீசெட் அடித்துப் போட்டால் அடுத்த தடவை 2 நிமிடம்கூடத் தாங்கவில்லை. கை வைக்க முடியாத சூடு. குழாய் வேலை முழுக்க முடிந்து கிளாம்ப் அடித்தாயிற்று, நாளைக் காலை வேலை தொடங்க வேண்டும். ரிலே மட்டும் மாற்றினால் போதுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

காற்றுவழி:
என்ன வகை ப்ளோயர் (காற்றை இழுக்கும் இயந்திரம்), எத்தனை கிலோவாட், நேம்பிளேட்டில் எத்தனை ஆம்பியர், ரிலே எதில் நிற்கிறது, குழாய் என்ன அளவு, உறிஞ்சும் வாய் எத்தனை? முக்கியமாக, எதை இழுக்கிறீர்கள்? இதில் எதுவுமே உங்கள் பதிவில் இல்லை. நேம்பிளேட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

முறுக்குக்கம்பி:
ஒரு பேஸ் வரவில்லை, நான் எழுதியே தருகிறேன். மூன்றில் ஒன்று போனால் மோட்டார் உடனே நிற்காது, மீதி இரண்டில் அதிகமாக இழுத்துக்கொண்டு ஓடும், சூடாகும், ட்ரிப் ஆகும். கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று வயரிலும் ஆம்பியர் பாருங்கள். கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) முனையில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலே போதும்.

எர்த்முதலில்:
எர்த் எப்படி அடித்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து இந்த மாதிரிப் பிரச்சினையில் பத்துக்கு ஒன்பது எர்த்தில்தான் முடியும்.

முறுக்குக்கம்பி:
எர்த் அவசியம்தான், ஆனால் ஓவர்லோட் ரிலேக்கு எர்த் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குள் இருப்பது சூட்டில் வளையும் தகடு, ஆம்பியரை மட்டும்தான் பார்க்கும். எர்த்துக்கு மின்சாரம் ஒழுகினால் விழுவது ஆர்சிசிபி என்ற வேறு பிரேக்கர். இரண்டாவது தடவை சீக்கிரம் விழுவதற்கும் இதுதான் காரணம், தகடு இன்னும் ஆறியிருக்காது.

வேகவேலை:
ரிலேயை 12 ஆம்பியருக்குத் திருப்பி விடுங்கள், ஓடும். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

காற்றுவழி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்போது அந்த மோட்டாரைக் காப்பாற்றுவது அந்த ரிலே ஒன்றுதான்.

பட்டறைவாசி:
மூன்று பேஸிலும் பார்த்தேன், 10.6, 10.8, 10.7. நேம்பிளேட்டில் 4 கிலோவாட், 8.9 ஆம்பியர், மணிக்கு 320 கன மீட்டர். ரிலேயும் 8.9-ல்தான் இருக்கிறது. ப்ளோயர் அலுமினியத்தில் வட்டமாக இருக்கும், உறிஞ்சும் வாயும் வெளியே தள்ளும் வாயும் ஒரே பக்கம் அருகருகே. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய், 6 வாய், ஒவ்வொன்றிலும் ஸ்லைடு கேட் (தள்ளி மூடும் தகடு). எல்லாக் கேட்டையும் மூடித்தான் ஸ்டார்ட் செய்கிறேன், மாட்டியவர் அப்படிச் செய்தால் மோட்டாருக்கு லோடு குறையும் என்றார். மூடியபடியே ஓடவிட்டுத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். தூசி சாதாரணத் தூசிதான்.

காற்றுவழி:
விடை இதிலேயே இருக்கிறது. இரண்டு வாயும் அருகருகே இருந்தால் அது சைடு சேனல் ப்ளோயர். கேட்டை மூடி ஸ்டார்ட் செய் என்பது சாதாரண சென்டிரிஃபியூகல் ஃபேனுக்குச் சொல்வது. அதில் காற்று போவது குறைந்தால் ஆம்பியரும் குறையும், வாயைத் திறந்து குழாயே இல்லாமல் ஓட்டினால்தான் ஓவர்லோட் ஆகும். சைடு சேனலில் அப்படியே தலைகீழ். வாயை அடைத்தால் உள்ளே வெற்றிடம் ஏறும், அதோடு ஆம்பியரும் ஏறும். சூட்டை எடுத்துப் போக உள்ளே காற்றும் ஓடாது. நீங்கள் 6 கேட்டையும் மூடியது கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி.

2 கேட்டைத் திறந்து வைத்து ஆம்பியர் பாருங்கள், இறங்கும். அப்புறம் ரிலீஃப் வால்வு (வெற்றிடம் அதிகமானால் தானே திறந்து காற்றை உள்ளே விடுவது) இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபில்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவில் வர வேண்டும், நேம்பிளேட்டில் உள்ள அதிகபட்ச மில்லிபாருக்குக் கொஞ்சம் கீழே திறக்கும்படி செட் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் கேட் எல்லாம் திறந்திருந்தாலும் ஃபில்டர் அடைபடுகிற அன்று இதே கதைதான்.

முறுக்குக்கம்பி:
மூன்றும் சமமாக இருக்கிறது, பேஸ் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சுற்றும் திசையைப் பாருங்கள். உறிஞ்சுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

காற்றுவழி:
திசை பார்ப்பது நல்லதுதான். இந்த வகையில் திசை மாறினால் உறிஞ்ச வேண்டிய வாய் ஊதும், தூசி முகத்தில் அடிக்கும், உடனே தெரிந்துவிடும். திசை மாறியும் அரைகுறையாக உறிஞ்சி ஏமாற்றுவது சென்டிரிஃபியூகல்தான்.

மூத்தமெக்கானிக்:
அடிப்படை தெரியாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. ப்ளோயரின் கர்வ் (எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்று காட்டும் வரைபடம்) என்ற ஒன்று மெஷினோடு வரும் காகிதத்திலேயே இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தவர் இங்கே எத்தனை பேர்? போதாததற்கு 110 குழாய் வேறு. 320 கன மீட்டருக்கு 110 போட்டால் காற்று நொடிக்கு 10 மீட்டர்தான் போகும். தூசியைத் தூக்கிச் செல்ல 20 மீட்டராவது வேண்டும். குழாய் பெரிதாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்பது தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறவர் கணக்கு.

காற்றுவழி:
சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் வேண்டாம். அவர் கேட்கத்தானே வந்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு: 320 என்பது வாய் திறந்து கிடக்கும்போது வரும் எண். ஃபில்டர், குழாய், வளைவு எல்லாம் சேர்ந்தால் 220 வந்தாலே பெரிது. அதற்கு உள்விட்டம் 63 மில்லிமீட்டர் குழாயில் ஒரு நேரத்தில் ஒரு வாய் திறந்தால்தான் 20 மீட்டர் கிடைக்கும். கிளைகளை 90 டிகிரி டீயில் சேர்த்திருந்தால் அதையும் மாற்றுங்கள், காற்றோட்டத் திசையிலேயே சாய்ந்து 45 டிகிரியில் சேர வேண்டும்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். "சாதாரணத் தூசி" என்றால் என்ன? நான் கேட்டதில் இதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

பட்டறைவாசி:
2 கேட் திறந்தேன், 8.1-க்கு இறங்கிவிட்டது!! பெட்டியோடு ஒரு வால்வு வந்தது, எதற்கென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன், அதுதான் போலிருக்கிறது. தூசி என்றால் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஸேண்டிங் தூள், கொஞ்சம் தேக்கு. கடைசி வாய் மட்டும் உளி தீட்டும் கிரைண்டருக்கு.

காற்றுவழி:
அந்தக் கடைசி வாயை இன்றைக்கே கழற்றுங்கள். ட்ரிப் ஆவதைவிட இதுதான் பெரிய விஷயம். கிரைண்டரிலிருந்து வருவது பழுத்த இரும்புத் துகள், அது நேராக உங்கள் தூசி சேரும் ட்ரம்மில் உள்ள மெல்லிய மரத்தூளில் போய் விழும். உடனே எரியாது. உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து, நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றும். ப்ளோயர் ஓடும்போதே ஃபில்டர் பையில் பொறி விழுந்தால் இன்னும் மோசம். பையைத் தட்டும்போது அந்தத் தூள் மேகமாக எழும், மூடிய பெட்டிக்குள் காற்றில் மிதக்கும் மரத்தூளுக்கு ஒரு பொறி போதும், வெடிக்கும். கிரைண்டருக்குத் தனியாக ஒரு சின்ன இயந்திரம் வையுங்கள். இன்று ஒரு தடவையாவது அந்த வாய் வழியாக இழுத்திருந்தால் ட்ரம்மை இப்போதே வெளியே கொண்டுபோய் உலோக மூடி போட்டுத் தள்ளி வையுங்கள்.

மரத்தச்சன்:
இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவு 2 மணிக்குப் பை எரிந்தது. ஆள் யாரும் இல்லாததால் உயிர் பிழைத்தோம், கூரை போயிற்று.

எர்த்முதலில்:
அதோடு பிவிசி! மரத்தூள் உரசி ஓடினால் நிலைமின்சாரம் ஏறும். குழாயைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றி எர்த்தில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மூத்தமெக்கானிக்:
தீராது. பிவிசி மின்கடத்தாப் பொருள். கம்பி தொடும் கோட்டில் மட்டும் மின்னூட்டம் இறங்கும், உள்சுவரில் இருப்பது அங்கேயே நிற்கும்.

எர்த்முதலில்:
பதினைந்து வருடமாக எங்கள் பட்டறையில் அப்படித்தான் ஓடுகிறது, ஒரு ஷாக் கிடையாது.

மூத்தமெக்கானிக்:
ஒன்றும் ஆகவில்லை என்பது ஆகாது என்பதற்கு ஆதாரம் அல்ல. 2008 பிப்ரவரி 7 வரை அமெரிக்காவின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையிலும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று சர்க்கரைத் தூசி வெடித்தது, அந்த விபத்தில் மொத்தம் 14 பேர் செத்தார்கள். முதல் வெடிப்பு சின்னது, தரையிலும் உத்தரத்திலும் படிந்திருந்த தூசியை அது கிளப்பிவிட, அடுத்தடுத்து வெடித்தது.

மரத்தச்சன்:
இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். கம்பி சுற்றினால் கையில் அடிக்கும் ஷாக் குறையும், அது நிஜம். ரம்பத்துக்குப் பக்கத்தில் ஷாக் அடித்துக் கை துள்ளினால் விரல் போகும், அதனால் அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் குழாயைப் பாதுகாப்பானதாக அது ஆக்காது. எப்படியும் 110-ஐ மாற்றத்தானே போகிறார், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயே போடட்டும்.

எர்த்முதலில்:
சரி, புதிதாகப் போடுவதென்றால் ஜிஐ என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் குழாய் மாற்றும் வரை கம்பியாவது இருக்கட்டும்.

காற்றுவழி:
ஜிஐ போட்டாலும் இணைப்பில் ரப்பர் கேஸ்கட் வந்தால் அந்தத் துண்டு தனித்து நின்றுவிடும். ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் ஒரு பட்டை வயர் கொடுத்துக் கடைசியில் எர்த்தில் சேர்த்து, மல்டிமீட்டரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள், சில ஓமுக்குள் வர வேண்டும். ஹோஸ் ஆன்டிஸ்டாடிக்காக (நிலைமின்சாரம் தேங்காததாக) இருக்கட்டும், உள்ளே ஓடும் கம்பிச் சுருளின் முனையை உரித்து இரண்டு பக்கமும் உலோகத்தோடு சேர்த்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள். இதெல்லாம் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை.

படிப்பவள்:
ஒரு சந்தேகம். வெளிவரும் காற்றைப் பட்டறைக்குள்ளேயே விடலாமா?

காற்றுவழி:
வெளியே விடுவது நல்லது. உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றால் குறைந்தது எம் வகுப்பு ஃபில்டர் (மரத்தூள் போன்ற மெல்லிய தூளைப் பிடிக்கும் தரம்). மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூள்தான் நுரையீரல் வரை போகும்.

பட்டறைவாசி:
வால்வு மாட்டிவிட்டேன். அரை மணி நேரம் ஓட்டினேன், 7.9 ஆம்பியர், ட்ரிப் இல்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி, காலையில் வேலை தொடங்கிவிடலாம்.

காற்றுவழி:
நல்லது. கிரைண்டர் குழாயைக் கழற்றினீர்களா?

மரத்தச்சன்:
பட்டறைவாசி, அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டுவிட்டுப் போங்கள்.

காற்றுவழி:
இரண்டு நாள் ஆயிற்று. இன்னும் கழற்றவில்லை என்றால் அந்தக் கேட்டை மூடி வைத்தால் மட்டும் போதாது, யாராவது தெரியாமல் திறந்துவிடுவார்கள். குழாயை அங்கேயே வெட்டி மூடி போட்டுவிடுங்கள்.