விழுந்த பிறகு ஒரு காலில் மட்டும் மரத்துப்போயிருக்கிறது: இதுவும் சர்க்கரையால்தானா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை எழுபது வயதைக் கடந்தவர். சர்க்கரை நோய் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு உள்ளங்கால்களிலும் எரிச்சலும் மதமதப்பும் வெகுகாலமாகவே உண்டு. அதற்காக இரவில் ப்ரீகாபலின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சென்ற மாதம் விடியற்காலையில் கழிப்பறைக்குச் செல்ல எழுந்தவர், தடுமாறி இடப்பக்கமாக விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை என்று கூறி, முழங்கால் வீக்கத்துக்கு ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அடுத்த சில நாட்களில் இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் புறங்காலும் மரத்துப்போய்விட்டன. நடக்கும்போது அந்தப் பாதத்தின் முன்பகுதி தரையில் உரசுகிறது. செருப்பு கழன்று பின்னால் கிடப்பதைக்கூட நாங்கள் சொன்ன பிறகுதான் கவனிக்கிறார். மருத்துவரிடம் காட்டியபோது, சர்க்கரையால் ஏற்கெனவே இருந்த நரம்புப் பாதிப்பு சற்றுக் கூடியிருக்கிறது என்று சொல்லி, மாத்திரையின் அளவை உயர்த்தினார். இது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கலாமா?

மறுமொழி 1 (பொது மருத்துவர்):

நேரில் பரிசோதிக்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது சர்க்கரையால் வரும் வழக்கமான நரம்புப் பாதிப்பின் போக்கில் இல்லை. அந்தப் பாதிப்பு இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட இடம் போல ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். ஒரே காலில், விழுந்த சில நாட்களுக்குள், அதுவும் மரப்புடன் பலக்குறைவும் சேர்ந்து வந்தால், நரம்பு எங்கோ நசுங்கியிருக்கிறதா என்று தேடியாக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களிடம் "சர்க்கரைதான் காரணம்" என்பது மிகச் சுலபமாகக் கிடைத்துவிடும் விடை. அதனாலேயே அதைக் கடைசியில்தான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே காத்திருக்காமல், இந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள்.

சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, ஆசனவாயையும் தொடை இடுக்கையும் சுற்றி உணர்ச்சி குறைவது, இரண்டு கால்களும் தளர்வது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், அது முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கைகளையும் கவனியுங்கள். கழுத்து எலும்பு தேய்ந்த முதியவர்கள் முகம் அடிபட விழுந்து கழுத்து பின்னால் மடங்கும்போது, எலும்பு முறியாமலேயே தண்டுவடம் நசுங்கி, கால்களைவிடக் கைகள் அதிகமாகத் தளர்வது உண்டு. அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரானால், சில வாரங்கள் கழித்து வரும் தலைவலி, குழப்பம், ஒரு பக்கத் தளர்ச்சி ஆகியவற்றையும் அலட்சியப்படுத்தக் கூடாது. மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம் அப்படித்தான் தாமதமாக வெளிப்படும்.

மறுமொழி 2 (பிசியோதெரபிஸ்ட்):

முழங்காலில் போட்ட கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை அறிய விரும்புகிறேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் விரலால் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கான நரம்பு அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அடி நேராக அங்கே பட்டாலும், கட்டு அங்கே அழுத்தினாலும், கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலும் அது நசுங்கும். சர்க்கரையால் ஏற்கெனவே நலிந்த நரம்பு அந்த அழுத்தத்தை மற்றவர்களுடையதைப் போலத் தாங்காது.

இடுப்பு முதுகெலும்பில் ஐந்தாவது நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் இதே போலத் தொங்கும். அவரை உட்காரவைத்து, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்க்கும்படி பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொல்லுங்கள். அந்த அசைவு பலமாக இருந்தால் முழங்கால் அருகே பழுது என்று நினைக்கலாம். அதுவும் தளர்ந்து, முதுகிலிருந்து காலுக்கு வலியும் இறங்கினால் முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இது ஒரு துப்பு மட்டுமே. முடிவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் அவர் மீண்டும் விழாமல் காப்பதுதான் முதல் வேலை. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியை அளவெடுத்துப் போடலாம். ஆனால் உணர்ச்சியில்லாத காலில் அது உரசிப் புண்ணாக்கும் என்பதால், தினமும் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. அவிழ்த்தபோது நீங்கள் சொல்லும் அதே இடத்தில் தழும்பு போலப் பதிந்திருந்தது. உட்புறமாகப் பாதத்தை நன்றாகவே திருப்புகிறார், முதுகுவலியும் இல்லை. நரம்பு மின்தூண்டலை எப்படிக் கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையை உடனே செய்துவிடலாமா? விழுந்ததற்கான காரணத்தையும் தேட வேண்டுமா?

மறுமொழி 3 (முன்பு எழுதிய பொது மருத்துவர்):

இப்போது செய்யலாம். தசையில் ஊசி செலுத்திப் பார்க்கும் பகுதியில் மாற்றங்கள் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், அடிபட்ட உடனே செய்திருந்தால் பாதி விடைதான் கிடைத்திருக்கும். நரம்பின் மேலுறை மட்டும் பழுதாகியிருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலும் தேறும். உள்ளிழையே அறுபட்டிருந்தால் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

விழுந்ததற்கான காரணத்தைக் கட்டாயம் தேட வேண்டும். விடியற்காலை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்சுலினோ, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அந்த நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குகிறதா என்று சோதியுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற பிறகு ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது தலைசுற்றி விழக்கூடியவர் என்று பொருள். ப்ரீகாபலின் எரிச்சலைக் குறைக்குமே தவிரத் தளர்ந்த தசைக்குப் பலம் தராது, கிறுகிறுப்பையும் உண்டாக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். அதனால் உயர்த்திய அளவைப் பற்றி மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவரானால் வைட்டமின் பி12 அளவும் பார்க்கப்பட வேண்டும். அதன் குறைவும் கால்களை மரத்துப்போகச் செய்யும்.

மறுமொழி 4 (நீரிழிவு உள்ள தாயைப் பராமரிப்பவர்):

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். கொப்புளம் வந்த பிறகும் அவருக்குத் தெரியாது. அடிபட்ட கால் வலியே இல்லாமல் வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாகவும் சிவப்பாகவும் இருந்தால், எலும்புகள் உள்ளே நொறுங்கிப் பாதத்தின் வடிவமே மாறும் நிலையின் தொடக்கமாக அது இருக்கக்கூடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அந்தக் கட்டத்தில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம் என்பதால், அதை நம்பி நடக்கவிடாமல், காலை ஊன்றாதபடி அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.